களையை அடக்கும் விதை: செலவுக் கணக்கில் ஒரு பாடம்

நெல்லுக்கு விலை இல்லை என்று கவலைப்படும் விவசாயச் சகோதரர்கள் தமது செலவுக் கணக்கையும் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். நெல் வியாபாரி என்ற முறையில் நான் பார்த்துவரும் விடயம் இது: களைநாசினியும் மருந்தும் கடனுக்கு வாங்கப்படுகின்றன. அறுவடையானதும் முதல் மூட்டைகள் அக்கடனுக்கே போய்விடுகின்றன. இச்செலவில் ஒரு பகுதியை விதையே சுமக்குமா?

நோய் விடயத்தில் சுமந்திருக்கிறது. நம் நாட்டு முருங்கைக்காயன் 302 இனத்தையும் இந்தோனேசியாவின் மாஸ் இனத்தையும் கலந்து பத்தலகொடயில் உருவாக்கப்பட்ட எச் 4, 1958 இல் வெளியானது. அது எரிபந்த நோயைத் தாங்கியது, விளைச்சலையும் கூட்டியது.

எச் 4 உயரமான பயிர். அதன் நிழலில் களை தலைதூக்குவது கடினம். ஆனால் உரம் கூடினால் பயிர் சாய்ந்துவிடும். அதனால் குட்டை இனங்கள் வந்தன. விளைச்சல் பெருகியது, வெளிச்சமோ களைக்கும் கிடைத்தது. களைநாசினி இல்லாமல் முடியாது என்றானது. அதுவும் நிலைக்கவில்லை. புரொபனிலுக்கு நெற்சப்பி சாகவில்லை என்பதை 1990களிலேயே நம் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தனர். 2021 இல் விவசாய இரசாயன இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, போத்தலை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

இனவிருத்தியாளர்கள் இன்று இரண்டு குணங்களைத் தேடுகிறார்கள். ஒன்று, முளைத்த சில வாரங்களுக்குள் வேகமாகக் கிளைத்து, இலை விரித்து, நிலத்தை மூடுவது. மற்றது, களையின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளை வேரினால் கசியவிடுவது. 1980களில் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநில ஆய்வு வயல்களில், சில நெல்லினங்களைச் சுற்றிக் களை முளைக்காததைக் கண்டார்கள். அவ்வாறு களையை அடக்கும் பொருட்களில் ஒன்று மொமிலக்டோன். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1973 இல் நெல் உமியில் இதைக் கண்டறிந்திருந்தனர். இதே பொருள் எரிபந்தப் பூஞ்சணத்தையும் எதிர்க்கிறது. களைக்கும் நோய்க்கும் ஒரே காவல் என்பதுதான் இதன் சிறப்பு. சீனாவில் இக்குணத்துக்காகவே ஹுவாகான் 3 என்ற இனம் உருவாக்கப்பட்டுள்ளது.

இதற்கும் எல்லை உண்டு. இத்தகைய நெல் களையைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. நிலத்தை மட்டப்படுத்துவதும் நீரைக் கட்டி வைப்பதும் நமது வேலை. நோயெதிர்ப்பும் நிரந்தரமல்ல. பூஞ்சணம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வட்டை முழுவதும் ஆண்டுக்கணக்கில் ஒரே இனத்தை விதைப்பது அதற்கு வழிவிடுவதாகும்.

ஆகவே அடுத்த போகத்துக்கு விதைநெல் வாங்கும்போது, "ஏக்கருக்கு எத்தனை மூட்டை?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த நோயைத் தாங்கும், எத்தனை நாளில் நிலத்தை மூடும், களைநெல் கலவாத உறுதிப்படுத்தப்பட்ட விதைதானா என்றும் கேளுங்கள். பத்து மூட்டை அதிகம் விளைந்து பன்னிரண்டு மூட்டை மருந்துக் கடைக்குப் போனால், அதற்குப் பெயர் இலாபமல்ல.