கைப்பயிற்சியும் காணொளியும்

கல்வி இருவகைப்படும். கருத்தால் உணரப்படுவது ஒன்று; கையால் பயிலப்படுவது மற்றொன்று. இலக்கணமும் வரலாறும் முன்னதன்பாற்படும். தச்சன் இழைப்புளி பிடிப்பதும், குயவன் சக்கரத்தில் மண்ணை ஏற்றி விரலால் வனைவதும் பின்னதன்பாற்படும். பின்னதை நூலில் எழுதிவைத்தல் எளிதன்று. 'மெல்ல அழுத்துக' என்று எழுதலாம். அம்மென்மை எவ்வளவு என்பதை எழுத்தால் காட்ட இயலுமோ? அருகிருந்து காண்பார்க்கே அது விளங்கும். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்னும் பழமொழி இத்தகைய கல்விக்கு மிகவும் பொருந்தும்.

உயிரியலும் நுண்ணுயிரியலும் கருத்தால் மட்டுமே கற்கப்படுவன என்று நினைப்பார் உளர். அஃது உண்மையன்று. ஆய்வுக்கூடத்துள் புகுந்தவுடன் அவையும் கைத்தொழிலாகிவிடுகின்றன. கண்ணாடிச் சில்லின்மீது நீர்த்துளியிட்டு, காற்றுக் குமிழி புகாவண்ணம் மூடுசில்லைச் சாய்த்து இறக்குதலும், நுண்ணோக்கியின் வில்லை சில்லில் மோதாதபடி அதனை விலக்கிக்கொண்டே உருவத்தைத் தெளிவாக்குதலும் பழக்கத்தால் வருவனவே. இத்திறன்களை மாணவர்க்குக் கற்பிக்க இக்காலத்தில் காணொளிகள் பெரிதும் உதவுகின்றன. அவற்றின் பயனையும் எல்லையையும் இப்பாடத்தில் காண்போம்.

ஒரு கலை பரவுவதற்குச் செய்துகாட்டுதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு நுண்ணுயிரியலின் வரலாறே சான்று. ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் துணி வணிகராக வாழ்ந்த ஆண்டனி வான் லீவன்ஹூக் என்பார், தாமே அமைத்த சிறு வில்லைகளின் வாயிலாக நுண்ணுயிர்களைக் கண்டார். 1676-ஆம் ஆண்டில் அச்செய்தியை மடல் எழுதி இலண்டன் அரச கழகத்துக்கு அறிவித்தார். ஆயின், தம் சிறந்த வில்லைகளையும் அவற்றைக் கையாளும் நுட்பத்தையும் அவர் பிறர்க்குக் காட்டவில்லை. கண்ட பொருளை உலகுக்கு வழங்கினார்; காணும் வழியையோ தம்மிடமே வைத்துக்கொண்டார். 1723-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அந்நுட்பத்தைத் தொடர்ந்து கையாள மாணவர் எவரும் இலர்.

செருமானிய மருத்துவராகிய இராபர்ட் காக் இதற்கு மாறான வழியில் சென்றார். 1881-ஆம் ஆண்டில் இலண்டனில் அனைத்துநாட்டு மருத்துவப் பேரவை கூடிற்று. அப்போது அவர், கெட்டியான வளர்தளத்தில் ஒரே வகை நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்க்கும் தம் முறையை அறிஞர் முன்னிலையில் செய்துகாட்டினார். பிரான்சு நாட்டு லூயி பாஸ்டரும், ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரும் அதனைக் கண்டோருள் இருவர். அக்காலத்து வளர்தளமாகிய ஜெலட்டின் உடல் வெப்பநிலையில் உருகிவிடும் குறையுடையது. சமையலறையில் தாம் அறிந்திருந்த அகர் என்னும் கடற்பாசிப் பசையைப் பயன்படுத்தலாம் என்று ஃபேனி ஹெஸ்ஸே என்னும் அம்மையார் கூறினார். 1887-ஆம் ஆண்டில் ஜூலியஸ் ரிச்சர்டு பெட்ரி மூடியுடைய தட்டையான கண்ணாடித் தட்டை அமைத்தார். இவ்வாறு ஒருவர் காட்ட, மற்றொருவர் கண்டு பயின்று திருத்த, அக்கலை நாடுதோறும் பரவியது.

நுண்ணுயிர்களைத் திரைப்படம் பிடித்துக் காட்டும் முயற்சியும் பழமையானதே. 1909-ஆம் ஆண்டில் பாரிசு நகர மருத்துவர் ஜான் கோமாந்தோன், நுண்ணோக்கியோடு படக்கருவியை இணைத்து, நோய்க்கிருமிகளின் அசைவைப் படமாக்கி அறிஞர் அவையில் காட்டினார். அவர் காட்டியது கிருமியின் இயக்கம். ஆய்வாளரின் கையியக்கத்தைக் காட்டும் முயற்சிகள் பின்னர்ப் பெருகின. எழுதிய செய்முறையை மட்டும் படித்து ஓர் ஆய்வை மீண்டும் நிகழ்த்துதல் அரிது என்பதை உணர்ந்து, 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் 'ஜோவ்' என்னும் காணொளி ஆய்விதழ் தொடங்கப்பெற்றது. நுண்ணுயிர்களைத் தட்டில் பரப்பி வளர்க்கும் அடிப்படை முறைகளை விளக்கும் காணொளியொன்றும் 2012-ஆம் ஆண்டில் அதில் வெளிவந்தது.

இத்தகைய காணொளி எதனைக் கற்பிக்கிறது? கீற்றுமுறை என்னும் ஒரு செயலை எடுத்துக்கொள்வோம். பலவகை நுண்ணுயிர்கள் கலந்த கலவையினின்று ஒன்றைத் தனியே பிரிப்பதே அதன் நோக்கம். 'கம்பி வளையத்தைச் சுடுக, ஆற்றுக, கலவையில் தோய்த்துத் தட்டில் கீறுக, மீண்டும் சுடுக' என்று நூல் கூறும். இச்சுருங்கிய சொற்களுள் அடங்கியிருப்பவை பல. கம்பி முழுவதும் செக்கச் சிவக்குமாறு சுடல் வேண்டும். ஆறுமுன் தோய்த்தால் உயிர்கள் மடியும். கலவையும் தெறித்துக் காற்றில் கலக்கும். தட்டின் மூடியை முற்றும் திறவாது, சிப்பி வாய் திறந்தாற்போலச் சிறிதே உயர்த்தல் வேண்டும். இன்றேல் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் உள்ளே விழும். வளையம் அகரைக் கிழிக்காது அதன்மேல் வழுக்கிச் செல்லல் வேண்டும். ஒவ்வொரு பகுதியைக் கீறிய பின்னும் கம்பியைச் சுட்டு ஆற்றி, தட்டைத் திருப்பி, முந்திய கீற்றின் முனையை மட்டும் தொட்டு அடுத்த பகுதியைக் கீறல் வேண்டும். இவ்வாறு செய்யின் உயிர்களின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்து, இறுதிப் பகுதியில் அவை தனித்தனியே அமையும்.

பின்னர்த் தட்டைக் கவிழ்த்து அடைகாப்புப் பெட்டியில் வைப்பர். கவிழ்ப்பது ஏன்? மூடியில் படியும் நீர்த்துளி அகரின்மேல் விழுந்தால், பிரிந்தவை மீண்டும் கலந்துவிடும். பல பாக்டீரியாக்களுக்கு 37 பாகை செல்சியசு வெப்பத்தில் ஏறத்தாழ ஒருநாள் போதும். மறுநாள் தனித்தனிப் புள்ளிகள் தோன்றும். பெரும்பாலும் ஒவ்வொரு புள்ளியும் ஓர் உயிரினின்று பெருகிய கூட்டமாகும். இச்செயலைக் கைக்கு அண்மையிலிருந்து எடுத்த காணொளி ஒன்று, பக்கம் பக்கமாய் எழுதினாலும் விளங்காத நுட்பத்தைச் சில நிமிடங்களில் விளக்கிவிடும்.

மற்றொரு சான்று கிராம் சாயமுறை. டென்மார்க்கு நாட்டு ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்முறை, பாக்டீரியாக்களை இருபெரும் பிரிவாக வகுக்க உதவுவது. முதலில் கிறிஸ்டல் வயலட் என்னும் ஊதாச் சாயம், அடுத்து அயோடின், அதன்பின் நிறம் நீக்கும் சாராயம், இறுதியில் சாஃப்ரனின் என்னும் செஞ்சாயம் இடுவது இக்கால வழக்கம். ஊதா நிறத்தை விடாதவை ஒருவகை. அதனை இழந்து செந்நிறம் ஏற்பவை மற்றொரு வகை. இங்கே சாராயம் இடும் சில நொடிகளே முடிவைத் தீர்மானிக்கும். மிகுதியாக இட்டால் ஊதாவாய் நிற்கவேண்டியதும் சிவக்கும். குறைவாக இட்டால் சிவக்கவேண்டியதும் ஊதாவாய் நிற்கும். நிறுத்தவேண்டிய நேரத்தை, வழியும் துளியின் நிறத்தைக் கண்டே அறிதல் வேண்டும். நோயாளிக்குத் தரும் மருந்தை மருத்துவர் தேர்தற்கு இச்சோதனை வழிகாட்டுவதுண்டு. ஆதலின், ஆய்வாளர் கையின் சிறு பிழையும் எங்கோ கட்டிலில் கிடக்கும் ஒருவரின் உயிரைத் தொடும் என்க.

காணொளியின் நன்மைகள் வெளிப்படை. ஆசிரியரின் மேசையைச் சுற்றி நாற்பது மாணவர் நின்றால் முன்வரிசையார்க்கே அவர் கை புலப்படும். திரையிலோ அனைவர்க்கும் புலப்படும். விளங்காத இடத்தில் நிறுத்தலாம். வேண்டியபோதெல்லாம் மீண்டும் காணலாம். பத்தாம் முறை கேட்பினும் அது சினவாது.

ஆயினும் அதற்கு எல்லைகளும் உள. காணொளி சுடுகம்பியின் வெம்மையை உணர்த்தாது. அகரின் மென்மையை விரலுக்கு அறிவிக்காது. ஒருநாள் காத்திருப்பை ஒரு நொடியாகச் சுருக்குவதால், பொறுமையையும் அது கற்பிப்பதில்லை. செய்தவரின் வெற்றியை மட்டும் காட்டுங்கால், பிழைத்த தட்டு எப்படியிருக்கும் என்பதை மாணவர் அறியார். சிறந்த காணொளி, தூய தட்டையும் பூஞ்சணம் பற்றிக் கெட்ட தட்டையும் அருகருகே காட்டி, கேட்டின் காரணத்தையும் கூறும். கொரோனாப் பெருந்தொற்றால் 2020-ஆம் ஆண்டில் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது, உலகெங்கும் மாணவர் பலர்க்குத் திரையே ஆய்வுக்கூடமாயிற்று. செய்முறையின் ஒழுங்கை அவர்கள் திரையில் கற்க முடிந்தது. கைத்திறனுக்கோ ஆய்வுக்கூடத்தின் கதவு மீண்டும் திறக்கவேண்டியிருந்தது.

காட்டப்படுவன யாவும் பின்பற்றத்தக்கன என்று கொள்ளுதலும் தவறு. முற்காலத்தில் ஆய்வாளர் பிப்பெட்டு என்னும் அளவுகுழாயை வாயில் வைத்து நீர்மத்தை உறிஞ்சுவர். அதனால் நோய்க்கிருமிகளை உட்கொண்டு நோயுற்றார் பலர். இன்று அப்பழக்கம் முற்றும் விலக்கப்பட்டது. கைக்கருவியால் உறிஞ்சுதலே முறை. பழைய படத்தில் அதனைக் காணும் மாணவர், வழக்கொழிந்த தீங்கை வழியெனக் கொள்ளலாகாது. தக்க ஆசிரியர் தேர்ந்தளித்ததையே காணல் வேண்டும். காணொளியைக் கண்டதனாலேயே வீட்டில் நுண்ணுயிர் வளர்க்க முற்படுதலும் கூடாது. தட்டில் பெருகுவது நன்மை செய்வதோ தீமை செய்வதோ என்பதைக் கண் அறியாது. ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்திய தட்டுகளையோ, அழுத்த நீராவிக் கலத்தில் 121 பாகை வெப்பத்தில் உரிய நேரம் வைத்து, உயிர்களை அழித்த பின்னரே எறிவர். வீட்டில் அவ்வசதி ஏது?

மாணவர்களே! காணொளியைக் காணுங்கால் மும்முறை காண்க. முதல்முறை செயலின் ஒழுங்கை நோக்குக. இரண்டாம் முறை ஒவ்வொரு படியிலும் 'இஃது ஏன்?' என்று வினவி விடை எழுதுக. மூன்றாம் முறை கையின் நிலையையும் விரலின் அசைவையும் உற்று நோக்குக. அதன்பின் ஆய்வுக்கூடத்தில் கைகழுவி, மேலங்கி அணிந்து, ஆசிரியர் அருகிருக்கச் செய்து பழகுக. முதற்றட்டு கெடலாம், காரணம் கண்டு மீண்டும் கீறுக. காணொளி வழியைக் காட்டும். அவ்வழியில் நடக்கவேண்டியவை நும் கைகளே.