கடைசி ஊசி

கேள்வி: எங்கள் ராஜபாளையம் நாய்க்கு 13 வயது. சிறுநீரகம் பழுதாகிவிட்டது. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் டாக்டர். மனசு கேட்கவில்லை.

பதில்: 13 வயது அந்த இனத்துக்கு நல்ல ஆயுள், நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள். காலண்டரில் குறியுங்கள்: அது தானாக எழுந்து, தின்று, வாலாட்டிய நாளுக்கு டிக், இல்லாவிட்டால் பெருக்கல் குறி. பெருக்கல் கூடிக்கொண்டே போனால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். ஊசி என்பது இவ்வளவுதான்: முதலில் மயங்க ஒரு மருந்து, பிறகு அளவு கூட்டிய மயக்க மருந்து. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் திறந்தே இருக்கலாம், பதறாதீர்கள். என் நாய்க்கு நான் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன்; அது எனக்காகத்தான், நாய்க்காக இல்லை. ஊசி போடும்போது வெளியே போய் நிற்காதீர்கள். தலையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு ஒரு கவளம் கறிச்சோறு கொடுங்கள். பத்தியமெல்லாம் இனி எதற்கு?