நாதசுரத்தின் சீவாளி

பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் திருவிழாவிலோ, உங்கள் ஊர்த் திருமணத்திலோ நாதசுரக் கலைஞரை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? வாசிக்குமுன் ஒரு சிறு தட்டையான குழலை வாயில் வைத்து நனைப்பார். தனியே ஊதிப் பார்ப்பார். ஊசியால் அதன் வாயைச் சற்று விரிப்பார். அதுதான் சீவாளி. அது சரியில்லையெனில் எத்தகைய வித்துவானாலும் வாசிக்க இயலாது. கெட்டிமேளமோ காத்திராது!

சீவாளி, நாணல் இனத்தைச் சேர்ந்த கொறுக்கைத் தட்டையால் ஆனது. பவானி, ஈரோடு வழியே செல்லும் காவிரி, கிழக்கே சமவெளியை அடைந்ததும் அதன் கரைகளில் இத்தட்டை விளைகிறது. அங்குள்ள திருவாவடுதுறை சீவாளிக்குப் பெயர்பெற்ற ஊர். தட்டைத் துண்டின் ஒரு முனையை இரு இதழ்கள்போல் தட்டையாக்கி, மறுமுனையைக் கெண்டை என்னும் சிறு உலோகக் குழலில் நூலால் கட்டுவர்.

இது ஒலிப்பது எவ்வாறு? ஊதும் காற்றின் அழுத்தம் இரு இதழ்களையும் மூடச் செய்கிறது. குழலுக்குள் சென்று திரும்பும் அழுத்த அலை அவற்றை மீண்டும் திறக்கிறது. இவ்வாறு நொடிக்குப் பல நூறு முறை நிகழ்கிறது. மேலைநாட்டு ஓபோவும் இரட்டை இதழ்க் கருவியே. இசைக்குழுவினர் சுருதி சேர்க்க அது தரும் சுரத்தில், இதழ்கள் நொடிக்குச் சுமார் 440 முறை திறந்து மூடுகின்றன.

உலர்ந்த தட்டை விறைப்பாக இருக்கும்; எளிதில் அதிராது, விரிசலும் விடும். ஈரம் பட்டால் நார்கள் நெகிழ்கின்றன. மிகுதியாக ஊறினாலோ இதழ்கள் தொய்ந்து ஒட்டிக்கொள்ளும். எனவே புதுச் சீவாளியை ஒரே நாளில் நெடுநேரம் ஊதாமல், நாள்தோறும் சிறிது நேரம் ஊதிப் பழக்குவதே நல்லது. இடைவெளி அகன்றால் மூச்சு வீணாகும். அப்போது விரலால் மெல்ல அழுத்த வேண்டும். குறுகினால் இதழ்கள் அடைத்துக்கொள்ளும். அப்போது ஊசியால் விரிக்க வேண்டும். நாதசுரத்தில் ஊசியும் மாற்றுச் சீவாளிகளும் தொங்குவது அழகுக்காக அன்று!

நீங்களே சோதித்துப் பாருங்கள். பூவரச இலையைப் புனல்போல் சுருட்டுங்கள். குறுகிய முனையை விரலால் நசுக்கி ஊதுங்கள். பீப்பி ஒலிக்கும். இன்னும் அழுத்தி நசுக்கினால் ஒலி நின்றுவிடும். வட்டமாக விரித்தால் வெறும் காற்றே வரும். இரண்டிற்கும் இடைப்பட்ட அளவைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பின்னர் அதே பீப்பியை வெயிலில் காயவைத்து ஊதுங்கள். என்ன நேர்கிறது? ஏன்?

அடுத்த திருவிழாவில் கலைஞர் ஊசியை எடுக்கும்போது, அவர் எதைச் சரிசெய்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.