மதிப்பீடும் மெய்ச்செலவும்

மாணவர்களே! 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்னும் பழமொழியை உங்கள் பாட்டி கூறக் கேட்டிருப்பீர்கள். இவ்விரண்டின் அருமையும் செலவும் செய்து பார்த்தவர்க்கே விளங்கும் என்பது அதன் கருத்து. முதலில் போட்ட கணக்கு முடிவில் மாறுவது ஏன்?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் உங்களுள் சிலருடைய பெற்றோர் கொத்தனாராகவும் சித்தாளாகவும் பணிபுரிகின்றனர். அவர்களைக் கேளுங்கள், கட்டடப் பணிக்கு ஒரு வரிசை உண்டு என்பார்கள். அடித்தளம் இன்றிச் சுவர் இல்லை; சுவர் இன்றிக் கூரை இல்லை. ஒரு படி தாமதமாயின் அடுத்த படிகள் யாவும் தாமதமாகும். கூரைக்குரிய சிமெண்டு 6 நாள் பிந்தி வருகிறது என்று கொள்வோம். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை 1,500 ரூபாய் எனில், வீணாகும் தொகை 9,000 ரூபாய். வேலையற்ற அந்நாள்களில் தினக்கூலியாளரின் வீட்டு அடுப்பும் எரிவதில்லை. ஆகவே, தாமதம் உரிமையாளரை மட்டும் வருத்துவதன்று.

நெய்யாற்றின்கரை வட்டத்திலுள்ள விழிஞம் துறைமுகத்தைக் காண்போம். அதன் கட்டுமானம் 2015 டிசம்பரில் தொடங்கியது. முதற்கட்டப் பணி 4 ஆண்டுகளில் முடிய வேண்டும் என்பது ஒப்பந்தம். 2017இல் ஒக்கிப் புயல் தாக்கியது. அலைத்தடுப்புச் சுவருக்கு வேண்டிய பாறைகள் போதிய அளவில் கிட்டவில்லை. தமிழ்நாட்டுக் கல்குவாரிகளிலிருந்தும் களியக்காவிளை வழியே லாரிகளில் வந்தன. கடலரிப்பால் வீடிழந்த மீனவ மக்கள், துறைமுகப் பணியே அதற்குக் காரணம் என்று கூறி 2022இல் போராடினர். இறுதியில் 2025 மே 2 அன்றுதான் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. புயலையும் பாறைத் தட்டுப்பாட்டையும் கணக்கிட்டுவிடலாம். வீடிழந்தோரின் துயரை எந்தப் பட்டியலில் எழுதுவது?

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பென்ட் ஃபிளிவ்பியரும் அவர்தம் குழுவினரும் பல நாடுகளின் 258 போக்குவரத்துப் பணிகளை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். பத்தில் ஒன்பது பணிகளில் மதிப்பீடு மெய்ச்செலவினும் குறைவாகவே இருந்தது. இருப்புப்பாதைப் பணிகளில் செலவு சராசரியாக நூற்றுக்கு 45 மிகுந்தது. ஒப்புதல் பெறும் ஆவலில் செலவைக் குறைத்துக் காட்டுவதும் ஒரு காரணம் என்று அவர்கள் கருதினர்.

இதற்குத் தீர்வு யாது? முன்பு முடிந்த ஒத்த பணிகளின் மெய்ச்செலவை நோக்கி மதிப்பிடுதல் வேண்டும். எதிர்பாராச் செலவுக்கென ஒரு பங்கை ஒதுக்குதல் வேண்டும். வாரந்தோறும் செலவைத் திட்டத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். இவற்றிற்கெல்லாம் மேலாக, உண்மையான கணக்கை எழுதும் நேர்மை வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
மதிப்பீடு – முன்கூட்டிக் கணித்த செலவு
மெய்ச்செலவு – உண்மையில் ஆன செலவு
அலைத்தடுப்புச் சுவர் – அலையின் வேகத்தைத் தடுக்கக் கடலில் எழுப்பும் கல்லணை

பயிற்சி
1. விழிஞம் துறைமுகப் பணி தாமதமானதற்குரிய காரணங்களை எழுதுக.
2. 'சுவர் இன்றிக் கூரை இல்லை' – இத்தொடர் உணர்த்தும் கருத்து யாது?
3. ஒரு வீட்டின் மதிப்பீடு 20 இலட்சம் ரூபாய். எதிர்பாராச் செலவுக்கு நூற்றுக்கு 5 ஒதுக்கினால் தொகை எவ்வளவு?
4. உங்கள் ஊரில் கட்டடப் பணி செய்யும் ஒருவரிடம் பேசி, அவர் பணி தடைப்பட்ட ஒரு நிகழ்வைப் பத்து வரிகளில் எழுதுக.