பங்குனியில் நட வேண்டாம், கண்ணு

கண்ணு,

நீ அனுப்பின படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். சாளை வீட்டைச் சுற்றிப் புல்தரை, வாசலுக்கு இரண்டு பக்கமும் பாம் மரம், கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டு ஆறடி மதில். அழகாகத்தான் வரைந்திருக்கிறார்கள். காங்கேயத்து வெயிலும் காற்றும் மட்டும் அதில் இல்லை.

ஆயிரம் சதுர அடிப் புல்லைச் சித்திரையில் பச்சையாக வைத்திருக்க நாளைக்கு 400, 500 லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும். வைகாசியில் மாட்டுக்கா, புல்லுக்கா என்று கிணற்று மேட்டில் நிற்பாய். அதற்குப் பதில் நம் கொறங்காட்டு மேய்ச்சலில் இருக்கிற கொழுக்கட்டைப் புல்லை விடு, ஒரு மழைக்கே துளிர்த்துவிடும். மற்ற நாளில் பழுப்பாகத்தான் கிடக்கும், பார்க்கப் பழகிக்கொள்.

கிளுவை இப்போது இலை உதிர்ந்து குச்சியாக நிற்பதைப் பார்த்துச் செத்துப்போனது என்று நினைத்திருப்பாய். சாகவில்லை. வேலியில் எங்கெங்கே சந்து விழுந்திருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல மாதம் கிடையாது. அடையாளம் வைத்துக்கொண்டு, மழை தொடங்கும்போது பழைய கிளுவையிலேயே கழி வெட்டி ஊன்று, வேர் பிடித்துக்கொள்ளும். மதில் கட்டினால் மேட்டுக்காட்டிலிருந்து வருகிற மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் சுவரோரம் தேங்கும். சீக்கிரம் அடர்த்தியாகும் என்று நர்சரியில் கோனோகார்பஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதை நடக்கூடாது என்று குஜராத்தில் 2023-லேயே தடை போட்டாயிற்று.

வேம்பு பூத்து, புங்கன் தளதளவென்று துளிர்த்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கடப்பாரையைத் தூக்கத் தோன்றும். அந்த மரங்களுக்கு வேர் ஆழத்தில் இருக்கிறது, நேற்று வாங்கின கன்றுக்கு என்ன இருக்கிறது? நம் பக்கத்துக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். ஆடியில் நடலாம் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். ஆனால் அப்போது பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் மேட்டில் இளங்கன்றை முறித்துப் போடும். புரட்டாசிக் கடைசி வரை பொறு.

இப்போது குழி மட்டும் எடு. மூன்றடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வை. குழி திறந்தே கிடந்து வெயில் வாங்கட்டும். பூச்சி முட்டையெல்லாம் காய்ந்து போகும். மேல்மண்ணோடு மக்கின சாணி எருவைக் கலந்து ஆவணியில் மூடினால் போதும். பெரிய மரமெல்லாம் மேற்கே வை. சாயங்கால வெயிலும் காற்றும் அந்தப் பக்கம்தான் அடிக்கும். சுவரிலிருந்து இருபது அடியாவது தள்ளி வை. அரசோ ஆலோ கிணற்றோரம் முளைத்தால் அன்றைக்கே பிடுங்கிவிடு.

ஒத்தைச் சாளை அது, கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. ஜன்னலடியில் புதர்ச்செடி வேண்டவே வேண்டாம். சுற்றிலும் பத்தடி வெறும் தரையாக இருக்கட்டும். விறகை அடுப்படிச் சுவரோடு அடுக்காதே. எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். அரளி பூ நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கவாத்துப் பண்ணிப் போட்ட கிளையை ஆடு தின்றால் பிழைக்காது. உன் அப்பாரு வேலிக்குள் அதை விட்டதே இல்லை.

கிழக்கே மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேலத்தை எடுக்கத்தான் வேண்டும். மேலோடு வெட்டினால் இரண்டு மாசத்தில் திரும்பத் தழைத்துவிடும், தூரோடு தோண்ட வேண்டும். கோடைமழை ஒன்று பெய்து மண் இளகட்டும், அப்புறம் ஜேசிபியைக் கூப்பிடு. வேலிப் பக்கம் மட்டும் வண்டியை விடாதே. வாடகை பேசும்போதே டிரைவரிடம் அதைச் சொல்லிவிடு.

அன்புடன்,
அத்தை