நீ படிக்காமல் வைத்திருக்கும் புத்தகம்

அன்புள்ள நிலாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சித்தி முதலில் படித்துவிட்டு, “பிள்ளைக்கு யார்மேல இவ்வளவு கோபம்?” என்று கேட்டாள். அகதா கிறிஸ்டிமேல் என்றேன்.

1920இல் வந்த முதல் நாவலில் தொடங்கி, வெளிவந்த வரிசையிலேயே படித்துக்கொண்டு வந்தவள் நீ. 1972இன் ‘எலிஃபண்ட்ஸ் கேன் ரிமெம்பர்’ உனக்குச் சலிப்பைத் தந்தது. 1973இன் ‘போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்’ முடித்ததும், இனி இந்த அம்மாவே வேண்டாம், அடுத்த நாவலான ‘கர்ட்டன்’ அலமாரியிலேயே கிடக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டாய். கல்லூரி இதழுக்காக ஒரு விமர்சனமும் எழுதி, அனுப்புமுன் என்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாய். இரண்டையும் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

உன் தீர்ப்பில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ‘போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்’ மோசமான துப்பறியும் நாவல். தொடக்கம் என்னவோ அருமை. துப்பறியும் தம்பதியான டாமியும் டப்பென்ஸும் வயதான காலத்தில் ஒரு பழைய வீட்டை வாங்குகிறார்கள். அங்கே கிடந்த ஸ்டீவன்சனின் சிறுவர் நாவல் ஒன்றில் யாரோ சில எழுத்துகளுக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். கூட்டிப் படித்தால், மேரி ஜோர்டன் என்ற பெண்ணின் சாவு இயற்கையானதல்ல என்கிறது அது. இப்படி ஒரு முடிச்சைப் போட்டவர் அதை அவிழ்க்கவே இல்லை. ஒரே செய்தியை ஒருவர் மாற்றி ஒருவர் திரும்பச் சொல்கிறார்கள். நடுவில் கிழத் தோட்டக்காரர் கொல்லப்படுகிறார். அதற்குப் பிறகாவது கதை வேகம் பிடிக்கும் என்று பார்த்தால், இல்லை. யார், எதற்காக என்பதெல்லாம் கடைசியில் மூட்டமாக வந்து மூட்டமாகவே போகிறது.

ஆனால் இதில் ஒன்றுகூட உன் விமர்சனத்தில் இல்லை, நிலா. “குப்பை”, “ஏமாற்று வேலை”, “பணத்துக்காக எழுதியது” என்ற மூன்று சொற்களைச் சுற்றியே நாலு பக்கமும் ஓடுகிறது. இந்த மூன்றையும் நான் இருபத்திரண்டு வருடம் கேட்டிருக்கிறேன். வாடகை நூல் நிலையம் நடத்திய காலத்தில், பிடித்த துப்பறிவாளரின் புதுப் புத்தகம் ஏமாற்றிவிட்டால் அதை மேசைமேல் விசிறிப் போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அந்த நேரம் எனக்கு அது வருத்தமாக இருந்ததே இல்லை. ஒரு கற்பனை மனிதனை நம்பி இத்தனை வருடம் கூடவே நடந்தவர்களுக்குத்தான் அந்தக் கோபம் வரும். சிலர் அதைப் புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளில் பென்சிலால் எழுதிவிட்டும் போவார்கள். பெரும்பாலும் “படிக்காதே” என்றிருக்கும். ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதுவார்: எண்பதாம் பக்கத்தில் சாவி மேசைமேல் இருந்தது, நூற்றுப் பத்தாம் பக்கத்தில் அவன் சட்டைப்பையில் எப்படி வந்தது? அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தை அடுத்து எடுத்தவர்கள் எல்லாம் எண்பதாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வாதாடினார்கள். நான் விமர்சனம் கற்றுக்கொண்டது அந்தப் பென்சில் வரிகளிலிருந்து.

ஷெர்லாக் ஹோம்ஸ் விஷயம் உனக்குத் தெரியும். 1893 டிசம்பரில் கானன் டாயில் அவரை ரைகன்பாக் அருவியில் தள்ளிவிட்டார். வாசகர்கள் கொதித்தார்கள்; ஒரு பெண்மணி வசவோடு தொடங்கியே டாயிலுக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் 1903இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வர, டாயில் 1927 வரை எழுதிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்த ஹோம்ஸ் எல்லோருக்கும் நிறைவு தரவில்லை. கார்ன்வாலில் ஒரு படகோட்டி டாயிலின் முகத்துக்கு நேராகவே சொன்னார்: அருவியில் விழுந்து ஹோம்ஸ் சாகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை என்று. டாயில் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. 1924இல் வந்த தன் சுயசரிதையில் அதை அவரே எழுதி வைத்தார். வசவு எழுதிய பெண்மணியின் சொல்லைவிடப் படகோட்டியின் சொல் எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது. எந்த இடத்திலிருந்து சரிவு தொடங்கியது என்று அவர் காட்டினார். நூறு வருடம் கழித்தும் ஹோம்ஸ் வாசகர்கள் அந்தக் கேள்வியை வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உன் “ஏமாற்று வேலை”. 1926இல் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்’ வந்தபோதும் இதே குற்றச்சாட்டை வாசகர்கள் சொன்னார்கள். சக துப்பறியும் எழுத்தாளர் டோரத்தி சேயர்ஸ் கிறிஸ்டிக்காக வாதாடினார். எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியது வாசகரின் வேலை என்றார். அது ஆசிரியர் முழு பலத்தோடு விளையாடிய ஆட்டம். பலம் குறைந்தபோது எழுதிய புத்தகத்துக்கு அதே சொல்லைப் போடாதே.

“பணத்துக்காக” என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. ‘தி பிக் ஃபோர்’ படித்தபோதும் நீ இதையே சொன்னாய். 1924இல் ‘தி ஸ்கெட்ச்’ பத்திரிகையில் வந்த பன்னிரண்டு கதைகளை ஒட்டுப்போட்டு 1927இல் நாவலாக்கியது அது. ஒட்டுப்போட்டது தெரிகிறது, உண்மைதான். அதற்கு முந்தைய வருடம் அவருக்கு என்ன நடந்தது என்று பார். ஏப்ரலில் தாய் இறந்தார். அந்த வருடமே கணவர் விவாகரத்து கேட்டார். டிசம்பரில் கிறிஸ்டி காணாமல் போய், பதினொரு நாள் கழித்து ஹாரோகேட்டில் ஒரு விடுதியில் கண்டுபிடிக்கப்பட்டார். கதைகளைச் சேர்த்து நாவலாக்கக் கைகொடுத்தது கணவரின் தம்பி. அடுத்த ‘தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ ட்ரெயின்’ நாவலைக் கேனரி தீவுகளில், சிறுமியான மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மனமில்லாமல் எழுதினார். அந்தப் புத்தகத்தை அவர் கடைசிவரை வெறுத்தார். ஆனால் எழுதப் பிடிக்காதபோதும் எழுத வேண்டும் என்று தெரிந்துகொண்ட அந்த நாளில்தான் தான் தொழில்முறை எழுத்தாளர் ஆனதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆம், பணத்துக்காகத்தான் எழுதினார். தனியாகப் பிள்ளையை வளர்க்க வேண்டிய ஒரு பெண் உழைத்துச் சம்பாதித்தார். இதைக் குற்றம்போல எழுத உனக்குக் கை வரக்கூடாது.

கடைசிப் புத்தகங்களுக்கு வருகிறேன். 1968இல் வந்த ‘பை த ப்ரிக்கிங் ஆஃப் மை தம்ப்ஸ்’ புத்தகத்தின் சமர்ப்பணத்தைத் திரும்ப எடுத்துப் பார். டாமியும் டப்பென்ஸும் என்ன ஆனார்கள் என்று கேட்டு எழுதிய பல நாட்டு வாசகர்களுக்கு அது சமர்ப்பணம். நாம் கேட்டோம், அவர் கொடுத்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு கிறிஸ்டி என்று பதிப்பகம் விளம்பரம் செய்து பழக்கியிருந்தது. ‘போஸ்டர்ன்’ வெளியானபோது அவருக்கு வயது 83. அவர் எழுதிய கடைசி நாவல் அதுதான்.

‘எலிஃபண்ட்ஸ்’ நாவலில் சம்பவம் நடந்து எத்தனை ஆண்டு என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது என்று நீ குறித்திருந்தாய். உன் குறிப்புகளில் ஆகச் சிறந்தது அதுதான். அதை ஏன் விமர்சனத்தில் சேர்க்கவில்லை? 2009இல் டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய நாவல்களின் சொற்களைக் கணினியில் எண்ணிப் பார்த்தார்கள். கடைசிக் காலத்து நாவல்களில் சொல்வளம் சுருங்கியிருந்தது. “ஏதோ”, “ஒரு பொருள்” என்பதுபோன்ற தெளிவற்ற சொற்கள் கூடியிருந்தன. நினைவு தேயும் நோயின் தடமாக இருக்கலாம் என்று அவர்கள் ஊகித்தார்கள். உயிரோடு இருந்தபோது எந்த மருத்துவரும் அப்படிச் சொன்னதாகப் பதிவில்லை, ஆகவே நீயும் ஊகம் என்றே எழுது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு அந்த நாவலின் தலைப்பைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. யானைகளுக்கு மறதி இல்லை என்ற பழமொழியை ஒட்டித் தலைப்பு வைத்த புத்தகம் அது.

‘போஸ்டர்ன்’ நாவலில் டப்பென்ஸ் அந்த வீட்டின் கண்ணாடிக் கொட்டகைக்குள் போவாளே, நினைவிருக்கிறதா? அதன் பெயர் கே.கே. உள்ளே மதில்ட் என்ற ஆடுகுதிரையும், ட்ரூலவ் என்ற சின்னக் குதிரைவண்டியும் தூசி படிந்து கிடக்கும். துப்பே இல்லாத இடத்தில் இவ்வளவு நேரம் நிற்கிறாரே என்று எழுதியிருந்தாய். கிறிஸ்டியின் சுயசரிதை அவர் இறந்த அடுத்த வருடம், 1977இல் வெளிவந்தது. அதில் டார்க்கியில் அவர் பிறந்து வளர்ந்த ஆஷ்ஃபீல்ட் வீட்டைப் படி. அங்கே கே.கே. என்று ஒரு கொட்டகை. அதில் மதில்ட் என்ற ஆடுகுதிரை. ட்ரூலவ் என்ற வண்டி. பெயரைக்கூட அவர் மாற்றவில்லை. 1973இல் நாவலை வாங்கிப் படித்து ஏமாந்தவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. அந்த வீட்டை விற்று, பின்னால் அதை இடித்தும் விட்டார்கள். எண்பது தாண்டிய பெண், இல்லாமல் போன வீட்டுக்குள் ஒருமுறை போய் வந்திருக்கிறார். கொலைகாரனைத் தேடும் வேலை அவர் கையைவிட்டு நழுவியதும் அங்கேதான்.

இதற்காக நாவலுக்கு மதிப்பெண் கூட்டிப் போடச் சொல்லவில்லை. இரக்கப்பட்டுப் பாராட்டினால் அவருடைய நல்ல புத்தகங்களுக்கு அவமானம். துப்பறியும் கதையாக அது தோற்றது என்று அழுத்தமாகவே எழுது. எந்தப் பக்கத்தில், எப்படி என்று காட்டு. அந்தக் கொட்டகையையும் சேர்த்து எழுது. மூன்று சொற்களை மட்டும் எடுத்துவிடு.

அடுத்தது ‘கர்ட்டன்’. நீ வெளிவந்த வரிசையில் படித்ததால், 1975இல் வந்தது 1973இல் வந்ததைவிட மோசமாகத்தானே இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். கணக்கு தப்பு. இரண்டாம் உலகப் போரில் லண்டன்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், தான் பிழைப்போமா என்று தெரியாமல் எழுதி, மகளுக்கென்று பத்திரப்படுத்தி வைத்த கையெழுத்துப் பிரதி அது. இனி அவரால் புதிதாக எழுத முடியாது என்றான பிறகே அதை வெளியே எடுத்தார்கள். துப்பறிவாளர் பொய்ரோவும் நண்பர் ஹேஸ்டிங்ஸும் முதல் நாவலின் ஸ்டைல்ஸ் வீட்டுக்கே திரும்பி வருகிறார்கள். இதற்குமேல் ஒரு சொல் சொல்லமாட்டேன்.

அதை எழுதியபோது கிறிஸ்டிக்கு வயது ஐம்பதை ஒட்டித்தான் இருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் பெட்டகத்தில் இருந்த புத்தகம். இந்த ஞாயிற்றுக்கிழமையே அலமாரியிலிருந்து எடுத்துவிடு, கண்ணு. படித்து முடித்த பிறகு விமர்சனத்தைத் திருத்தி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா