டிராக்டரும் பொது ரஸ்தாவும்

டிராக்டர் உழவுக்கென்று செய்யப்பட்ட யந்திரம். ஆகையால் மோட்டார் வண்டிச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்னும் எண்ணம் குடியானவர்களிற் சிலரிடம் இன்றும் காணப்படுகிறது. இது தவறு. இத்தவற்றினால் நிலத்தை விற்று நஷ்டஈடு கொடுக்க நேரிடவுங் கூடும். 1939-ம் வருஷத்துச் சட்டத்திற்குப் பதிலாக 1989 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த 1988-ம் வருஷத்து மோட்டார் வண்டிச் சட்டம், டிராக்டரையும் அதன் பின் பூட்டும் டிரெயிலரையும் மோட்டார் வண்டிகளாகவே கொள்கிறது.

1. பொது இடம் எது?

பொதுஜனங்கள் செல்ல உரிமையுள்ள ரஸ்தா, தெரு, வழி யாவும் பொது இடமேயாம். தார் போட்டிருக்க வேண்டுமென்பதில்லை. ஊரார் உரிமையுடன் நடமாடும் வண்டிப்பாதையும் ஏரிக்கரை வழியும் இதில் அடங்கும்.

2. ரிஜிஸ்தர்

டிராக்டரையும் டிரெயிலரையும் தனித்தனியே ரிஜிஸ்தர் செய்துகொள்ள வேண்டும். பொது இடத்தில் மட்டுமன்றி வேறெந்த இடத்திலும் ரிஜிஸ்தர் ஆகாத வண்டியை ஓட்டலாகாது.

3. லைசென்ஸ்

பொது இடத்தில் ஓட்டுபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், லைசென்ஸும் வேண்டும். வெறும் எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டர் இலகு மோட்டார் வண்டி வகுப்பைச் சேர்ந்தது. வயலுக்குள் ஓட்டிப் பழகிய சிறுவனிடம் வண்டியைக் கொடுத்துக் கடைத்தெருவுக்கு அனுப்பும் வழக்கம் அடியோடு விடத்தக்கது. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி, சிறுவன் செய்யும் குற்றத்திற்குப் பாதுகாவலர் அல்லது வண்டிச் சொந்தக்காரர் 3 வருஷம் வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் அடைய நேரிடும். வண்டியின் ரிஜிஸ்தரும் 12 மாதங்களுக்கு ரத்தாகும்.

4. இன்ஷ்யூரன்ஸ்

பிறருக்கு நேரும் சேதத்திற்கான இன்ஷ்யூரன்ஸ் இன்றிப் பொது இடத்தில் வண்டியைச் செலுத்தலாகாது. முதற் குற்றத்திற்கு 2,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆயினும் பத்திரம் இருப்பது மட்டும் போதாது. அதில் கண்ட நிபந்தனையே முக்கியம்.

2007-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இங்கு கவனிக்கத்தக்கது. செங்கற் சூளைக்கு மண் ஏற்றிய டிரெயிலரில் சென்ற கூலியாள் ஒருவர் விழுந்து காயமடைந்தார். டிராக்டர் விவசாய வேலைக்கென மட்டும் இன்ஷ்யூர் செய்யப்பட்டிருந்தது. டிரெயிலரோ இன்ஷ்யூர் செய்யப்படவேயில்லை. சூளைக்கு மண் எடுப்பது விவசாயமன்று. ஆகவே கம்பெனி பொறுப்பாளியல்ல எனத் தீர்ப்பாயிற்று. ஏழைக் கூலியாளை உத்தேசித்துக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கவும், பின்பு சொந்தக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளவும் உத்தரவாயிற்று. முடிவிற் பாரம் சொந்தக்காரர் தலையிலேயே விழுந்தது.

ஆதலால் செங்கல், மணல் முதலியவற்றை வாடகைக்கு ஏற்றுவதும், நடவாட்களையும் திருவிழாக் கூட்டத்தையும் டிரெயிலரில் ஏற்றுவதும் பெரும் அபாயத்தைத் தேடிக்கொள்வதாகும்.

5. விளக்கும் சக்கரமும்

சூரியன் அஸ்தமித்து அரை மணிக்குப் பின்னும், உதயத்திற்கு அரை மணி முன் வரையிலும் விளக்கெரிய வேண்டும். 155 மீட்டர் தூரத்திலுள்ள ஆளும் வண்டியும் தெளிவாய்த் தெரியாத பனிக்காலப் பகலிலும் அவ்வாறே. டிரெயிலரின் பின்புறம் இரண்டு சிவப்புப் பிரதிபலிப்பான்கள் இருத்தல் அவசியம். வைக்கோலோ கரும்போ ஏற்றும்போது அவை மறையாமற் பார்த்துக்கொள்க. சேற்றுழவுக்குப் பூட்டும் கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரத்துடன் ரஸ்தாவில் ஏறலாகாது. அதை வயலிலேயே கழற்றி, டிரெயிலரில் ஏற்றிக் கொண்டுசெல்க.

ஒவ்வொரு மிராசுதாரரும் உழவு தொடங்குமுன் இன்ஷ்யூரன்ஸ் பத்திரத்தை எடுத்து, டிரெயிலர் அதில் சேர்ந்துள்ளதா, எவ்வகை வேலைக்கென எழுதப்பட்டுள்ளது, எத்தேதியில் முடிகிறது என்னும் மூன்றையும் பார்த்துக்கொள்வது நலம். எழுத்தறியாதவர்களுக்குக் கிராம அதிகாரிகள் அதைப் படித்துச் சொல்லி உதவுவார்களாயின், பல குடும்பங்கள் கடனுக்கும் வழக்குக்கும் தப்பும்.